ட்யூப் காவலன்

என் உயிர் இருக்கும்வரை அந்த ட்யூப் டிவி இந்த வீட்டை விட்டுப் போகாது என்று ஒரு சனிக்கிழமை காலை அறிவித்தேன். என் மனைவி வென்டி அப்போது முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு, "முட்டை கல்லாப் போச்சு, கீத்" என்றாள். என் பெரிய அறிவிப்புகளுக்கெல்லாம் இந்த வீட்டில் கிடைக்கும் மரியாதை இவ்வளவுதான்.

டிவி மாடியில், எங்கள் சின்ன அறையில் இருக்கிறது. முன்னால் நின்று பார்த்தால் டிவி. பக்கவாட்டில் பார்த்தால் சினைப் பன்றி. அறையில் பாதியை அது பிடித்துக்கொண்டது. மீதியில் மூன்று பழைய கம்ப்யூட்டர்கள், நான் பள்ளியில் படித்த காலத்தவை. மூன்றுக்கும் திரை இந்த டிவிதான். அவற்றுக்கும் போக மிஞ்சிய இடத்தில் நான். இங்கிலாந்தில் எங்கள் ஊரான செஸ்டர்ஃபீல்டில் மழை பெய்யாத மாலைகளிலும் நான் அங்கேதான் இருப்பேன்.

வென்டியின் கோரிக்கை சின்னதுதான். டிவியை அனுப்பிவிட்டுத் தட்டையான புது மானிட்டர் ஒன்றை வைக்க வேண்டும். காலியாகும் மூலையில் ஒரு நாற்காலி போட வேண்டும்.

"புது மானிட்டர் பழைய மெஷினுக்கு ஒத்துவராது."

"ஏன்?"

"ஒத்துவராது. அவ்வளவுதான்."

"ஏன்னு சொன்னா நானும் தெரிஞ்சுக்குவேன்ல?"

"உனக்குப் புரியாது, விடு."

இதைச் சொல்லிவிட்டு முட்டையைத் தின்றேன். நிஜமாகவே கல் மாதிரி இருந்தது.

சரி, சோதித்துப் பார்த்துவிடலாம் என்றாள் வென்டி. மானிட்டரை அவள் வாங்கி வருவாள். மூன்றில் இரண்டு மெஷினுக்குப் படம் ஒழுங்காக வந்தால் டிவி வெளியே. வராவிட்டால் அதைப் பற்றி அவள் இனிமேல் வாயே திறக்க மாட்டாள். பக்கத்து வீட்டு டெரெக் நடுவர். அவரிடம் வேன் இருக்கிறது என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

உடனே ஒப்புக்கொண்டேன். உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். பழைய கம்ப்யூட்டர்கள் படத்தை மெதுவாக அனுப்பும். இன்றைய மானிட்டர்களுக்கு அந்தப் பொறுமை கிடையாது. 'சிக்னல் இல்லை' என்று எழுதிக் காட்டிவிட்டுத் தூங்கிவிடும். பழைய வேகத்துக்கு இறங்கி வருகிறவை அபூர்வம். அவை எவை என்று கடைக்காரனுக்கே தெரியாது. வென்டிக்கு எப்படித் தெரியும்?

அந்த வாரம் நான் வேறு வேலையாக இருந்தேன். எங்கள் பழைய கம்ப்யூட்டர் சங்கத்துக்கு இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. அங்கே என் பெயர் 'ட்யூப் காவலன்'. எங்கள் கூட்டத்துக்கு ஒரு வியாதி. யாராவது சந்தேகம் கேட்டால் கை சும்மா இருக்காது. வீடு பற்றி எரிந்தாலும் எந்தக் கேபிள் என்று சொல்லிவிட்டுத்தான் வாளியைத் தேடுவோம்.

'ருபார்ப்' என்ற பெயரில் ஒரு புதியவர் எழுதியிருந்தார். கல்யாணத்தின் வழியாகத் தனக்கு மூன்று பழைய கம்ப்யூட்டர்கள் வந்து சேர்ந்தனவாம். எந்தப் புது மானிட்டர் ஒத்துவரும் என்று கேட்டிருந்தார். என்னிடம் இருக்கும் அதே மூன்று. பாவம், கணவர் இறந்துவிட்டார் போலிருக்கிறது, நல்ல ரசனை உள்ள மனிதர் என்று நினைத்தேன்.

பதில் எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிப்போயிற்று. எந்த மானிட்டர் என்று சொன்னேன். கேபிளில் எந்தக் கம்பி எங்கே போக வேண்டும் என்று படம் வரைந்து போட்டேன். படம் முதலில் அகலமாக இழுபட்டு வரும், முகமெல்லாம் அப்பமாகத் தெரியும், பயப்படாதீர்கள், பின்பக்கப் பொத்தானை அழுத்திச் சதுர அளவைத் தேர்ந்தெடுங்கள் என்றேன். எவ்வளவு சின்னச் சந்தேகமானாலும் தயங்காமல் கேளுங்கள், அம்மணி என்று முடித்தேன். அவர் மறுபடி கேட்டார். நான் மறுபடி எழுதினேன். யாரோ என்னிடம் ஒன்றைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுவது எவ்வளவு சுகம். அந்த வாரம் நான் படியில் சீட்டியடித்துக்கொண்டு இறங்கினேன்.

ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்து மூவரும் மாடிக்குப் போனோம். வென்டி மானிட்டரை மேஜையில் வைத்து முதல் மெஷினை இணைத்தாள். படம் வந்துவிட்டது.

நல்லவேளை, படம் அகலமாக இழுபட்டிருந்தது.

"இது செல்லாது. பாரு, எல்லாம் அப்பமாத் தெரியுது" என்றேன்.

"எனக்கு நல்லாத்தான் தெரியுது, வாத்து" என்றார் டெரெக். எங்கள் ஊரில் வேண்டியவர்கள் எல்லோரும் வாத்துதான்.

வென்டி மானிட்டரின் பின்னால் கைவிட்டு எதையோ அழுத்தினாள். படம் சுருங்கிச் சதுரமாக, கச்சிதமாக நின்றது. பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு கேபிளை எடுத்தாள். எங்கேயோ பார்த்த கேபிள் மாதிரி இருந்தது. இரண்டாவது மெஷினுக்கும் படம் வந்தது. மூன்றாவது தேவையே இல்லை. அதற்கும் வந்தது.

டிவியை டெரெக்கும் நானும் படியிறக்கினோம். என் உயிர் உள்ளவரை என்று சொன்ன நானே ஒரு பக்கம் பிடித்தேன். வளைந்த கண்ணாடியில் என் முகம் உப்பலாக இறங்கி வந்தது. வேனில் அது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. டெரெக் கதவைச் சாத்தினார்.

மேலே வந்தால், காலியான மூலையில் சமையலறை நாற்காலி. அதில் வென்டி.

"இது யாருக்கு?" என்றேன்.

"எனக்குத்தான். இத்தனை வருஷமா வாசல்ல நின்னுக்கிட்டேதானே உனக்கு டீ குடுக்கிறேன்."

அவள் நிற்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் என்னை அறையிலிருந்து கிளப்பப் பார்க்கிறாள் என்றல்லவா நான் காவல் காத்துக்கொண்டிருந்தேன். பேச்சை மாற்றினேன்.

"அந்தப் பொத்தான் விஷயம் உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"உங்க சங்கத்துப் பக்கத்துல கேட்டேன். உன்கிட்ட கேட்டப்போ 'உனக்குப் புரியாது, விடு'ன்னே. அங்க ஒருத்தர் எனக்காகக் கம்பி கம்பியாப் படம் வரைஞ்சு போட்டாரு. தயங்காமக் கேளுங்கன்னு வேற சொன்னாரு. என்ன பொறுமை, என்ன மரியாதை."

நான் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"யாரோ ட்யூப் காவலனாம். நீயும் ஒரு தடவை அவர்கிட்ட பேசிப் பாரு, கீத். பழகக் கத்துக்கலாம்."