பெயர் சொல்லாமல் போன வாத்து

ஒரு காட்டில் ஒரு புலி ஆண்டு வந்தது. துரத்திப் பிடித்துச் சாப்பிடும் வயது போய்விட்டதால், அன்றன்றைக்கு யார் சாப்பாடு என்று சொல்ல ஒரு கணினி வாங்கிப் போட்டது. அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை சந்தனம் என்ற கீரிக்குக் கிடைத்தது.

சந்தனம் கணினியில் டேபிள் என்று இரண்டு பட்டியல் போட்டது. ஒன்றில் குடிமக்கள், இன்னொன்றில் சாப்பிட்டு முடிந்தவர்கள். குடிமக்களில் யாரெல்லாம் சாப்பிட்ட பட்டியலில் இல்லையோ அவர்களை எடு, அகர வரிசையில் அடுக்கு, முதல் பெயரைக் கொடு. கணினியிடம் கேட்கும் க்வெரி இவ்வளவுதான். 'பட்டியலில் இல்லை' என்பதற்கு 'நாட் இன்' என்று எழுதியிருந்தது. தட்டினால் கண் மூடித் திறப்பதற்குள் பெயர் வந்து விழும். காடே சந்தனத்தின் திறமையை மெச்சியது, அதாவது மிச்சமிருந்த காடு.

அ வரிசையில் விருந்து ஆரம்பித்தபோது ச எங்கேயோ தூரத்தில் இருந்தது. கௌதாரி கௌசல்யாவோடு க வரிசை முடிந்தது. அடுத்த நாள் காலை சந்தனம் க்வெரியைத் தட்டினால், தன் பெயரே வந்து நின்றது. ஓர் எழுத்தை மாற்றினால் தப்பிக்கலாம்தான். ஆனால் தொழிலில் பொய் சொல்லி அதற்குப் பழக்கமில்லை.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு வாத்து வந்தது. டேட்டாபேஸ் ஆலோசகராம். கொழுகொழுவென்று இருந்தது. க்வெரியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டது.

"தம்பி, யாரு இங்க நாட் இன் போட்டது? நாட் எக்ஸிஸ்ட்ஸ்னு எழுதணும். இந்தச் சாப்பிட்ட பட்டியல்ல ஒரே ஒரு பேரு காலியா இருந்துட்டா என்ன ஆகும் தெரியுமா? உன் மொத்த..."

அதற்கு மேல் வாத்தால் பேச முடியவில்லை. காலங்காத்தாலே உபதேசம் கேட்பது புலிக்குப் பிடிக்காது. வாயைத் துடைத்துக்கொண்டு, உன் முறை நாளைக்கு என்று சந்தனத்திடம் சொல்லிவிட்டது.

விதிப்படி வாத்தையும் சாப்பிட்ட பட்டியலில் ஏற்ற வேண்டும். பெயர் என்ன என்று சந்தனம் கேட்டது.

"பேரு கேட்டுட்டாடா சாப்பிடுவாங்க?" என்றது புலி.

தெரியாத பெயரை இட்டுக்கட்டி எழுத சந்தனத்துக்கு மனம் வரவில்லை. கட்டத்தைக் காலியாகவே விட்டது.

மறுநாள் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு க்வெரியைத் தட்டியது. ஒரு பெயரும் வரவில்லை. மூன்று முறை தட்டியும் பட்டியல் வெறுமையாகவே இருந்தது.

"யாரும் மிச்சமில்ல மகாராஜா. எல்லாரையும் சாப்பிட்டு முடிச்சாச்சுன்னு கணினி சொல்லுது."

"அப்போ நீ?"

"நானும் அதுல அடக்கம்தான் மகாராஜா."

புலி வயிற்றைத் தடவிப் பார்த்தது. கணினி பொய் சொல்லாது என்பது அதன் நம்பிக்கை. அதனால்தான் ரெண்டு நாளாக மந்தமாக இருக்கிறது என்று முனகிவிட்டு, ஆளில்லாத காட்டில் ராஜாவுக்கு என்ன வேலை என்று மூட்டை கட்டிக் கிளம்பியது. வழியில் மான்கள் கூட்டமாக நின்று வணக்கம் வைத்தன. அஜீரணத்தில் கண் ஏதேதோ காட்டுகிறது என்று புலி நினைத்துக்கொண்டது.

சாயங்காலம்தான் சந்தனத்துக்கு விஷயம் விளங்கியது. கணினி ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்திருக்கிறது. காலிக் கட்டத்துக்கு வந்ததும், அந்தப் பெயரில்லாத ஆள் இவராகவும் இருக்கலாமோ என்று சந்தேகம். சந்தேகம் வந்தவரையெல்லாம் ஒதுக்கிவிட்டது. கடைசியில் ஒருவர் பாக்கியில்லை. வாத்து சொல்ல வந்தது இதைத்தான். பாவம் என்று சந்தனம் கண் கலங்கியது.

ஒரே ஒரு வரியைத் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும். தொழில் தெரிந்த கை துறுதுறுத்தது. கீரி அந்தக் கையின் மேலேயே உட்கார்ந்துகொண்டது.

நீதி: நிபுணர் பேச்சைப் பாதியிலேயே விழுங்கும் முதலாளி அமைந்தால், வேலைக்காரர்களுக்கு ஆயுசு கெட்டி.