ஆமாங்கன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்

அநியாயம் நடந்தது எனக்கு. எட்டு போடுகிற மைதானத்தில், ஒரு நாயால்.

இல்லை, "அநியாயம் நடந்தது எனக்குடி" என்பது அம்மாவின் கட்சி. அம்மாவிடம் லைசென்ஸ் இருக்கிறது. ஹெல்மெட் வாரை மாட்டாமல் வண்டியை ஸ்டாண்டிலிருந்துகூட எடுக்க மாட்டாள். பெற்ற மகளை நம்பி ஸ்கூட்டிச் சாவியைக் கொடுத்ததற்காக ஓசூர் கோர்ட்டில் ரெண்டாம் எதிரி ஆகிவிட்டாள். கோர்ட் பாஷையில் வழக்கில் மாட்டியவருக்கு எதிரி என்று பெயர்.

முதல் எதிரி நான்.

ஆக, வியாழக்கிழமை எங்களுக்கு வேலை ஒன்றே ஒன்றுதான். கோர்ட்டுக்குப் போக வேண்டும். "குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?" என்று கேட்பார்கள். "ஆமாங்க" என்று சொல்ல வேண்டும். அபராதத்தைக் கட்டிவிட்டு, ஸ்டேஷன் வாசலில் வெயிலில் காய்கிற ஸ்கூட்டியை மீட்டு வர வேண்டும்.

ஒரு வார்த்தை. நாலே எழுத்து. அதைச் சொல்லத் தெரியாமல் நான் பட்ட பாடுதான் இது.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்.எல்.ஆர். வாங்கி, எல் போர்டு மாட்டி, முறையாக எட்டு போடப் போனேன். அழகாகத்தான் போட்டேன். கடைசி வளைவில் அந்த நாய். காலை ஊன்றிவிட்டேன்.

"கால் ஊனிட்டீங்க. இன்னொரு நாள் வாங்க" என்றார் பிரேக் இன்ஸ்பெக்டர்.

விடுவேனா? "நாய் வந்தா என்ன பண்ணணும்னு எந்த விதியில சார் இருக்கு?" என்று ஆரம்பித்தேன். எட்டு போட ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வாதம் மத்தியானம் வரை போனது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சேர்ந்து கெஞ்சித்தான் என்னை அனுப்பி வைத்தார்கள். அதன் பிறகு அந்த மைதானத்தின் பக்கமே போகவில்லை. தன்மானம்!

எல்.எல்.ஆருக்குத் தன்மானமெல்லாம் புரியாது. அது பாட்டுக்குக் காலாவதி ஆகிவிட்டது.

அப்புறம் ஒரு நாள் ராயக்கோட்டை ரோட்டில் ஒரு ஏட்டையா கை காட்டினார்.

"லைசென்ஸ் எடும்மா."

எல்.எல்.ஆரை நீட்டினேன்.

"இது முடிஞ்சு போச்சேம்மா."

"முடிஞ்சது நிஜந்தான் சார். ஆனா, அன்னைக்கு ஒரு நாய் குறுக்க வந்து..."

"நாய்க்கு லைசென்ஸ் வேணாம்மா, உனக்குத்தான் வேணும். ஃபைனக் கட்டிட்டுக் கெளம்பு."

கட்டியிருக்கலாம். மற்றவர்கள் எல்லாரும் கட்டிவிட்டுப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் நான் எம்.ஏ. அரசியல் அறிவியல். பட்டிமன்றத்தில் எந்த அணியில் போட்டாலும் பேசுகிறவள். நடுரோட்டில் நிமிர்ந்து நின்று சொன்னேன்:

"கோர்ட்ல பாத்துக்கறேன் சார்."

ஏட்டையா ரொம்ப மரியாதையாகச் சாவியை உருவிக்கொண்டார். "பாத்துக்கலாம்மா."

இங்கேதான் அம்மாவின் கஷ்டம் தொடங்கியது. அம்மாவுக்குச் சூளகிரிப் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. செகண்ட் ஷிஃப்ட். நாங்கள் இருப்பது தொரப்பள்ளிப் பக்கம், கம்பெனி பஸ் எங்கள் வீட்டுப் பக்கம் வராது. ஸ்கூட்டி ஸ்டேஷனில் இருந்த நாளெல்லாம் அம்மா பஸ் மாறி பஸ் மாறிப் போனாள். தினமும் லேட். கடைசியில் சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்: "இன்னும் ஒரே ஒரு நாள் லேட்டா வந்தீங்கன்னா, அக்கா, நிரந்தரமா நைட் ஷிஃப்ட்தான்."

அதனால் வியாழக்கிழமை மத்தியானத்துக்குள் வண்டி கைக்கு வந்தே ஆக வேண்டும். காலையில் பஸ்ஸிலேயே அம்மா ஒத்திகையை ஆரம்பித்துவிட்டாள்.

"குத்தத்த ஒத்துக்கறியான்னு கேப்பாங்க. என்னா சொல்லுவ?"

"ஆமாங்க. ஆனா..."

"அடியே திவ்யா! ஆனாவும் கெடையாது, ஆவன்னாவும் கெடையாது. ஆமாங்க. அத்தோட வாய மூடு."

"இல்லம்மா, அந்த நாய் எப்படிப் பாஞ்சுதுன்னு அவங்களுக்குத் தெரியணுமில்ல?"

"இன்னொரு வாட்டி நாய் பேச்ச எடுத்த, நானே கடிச்சு வெச்சுருவன்."

முன் சீட்டில் இருந்த ஒரு அக்கா பதறிப்போய்த் திரும்பினார். "எங்க கண்ணு கடிச்சுது? ஊசி போட்டீங்களா?"

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கோர்ட்டில் எங்களைப் போல நிறையப் பேர். ஹெல்மெட் போடாதவர்கள், மூணு பேராகப் போனவர்கள், ஒன்வேயில் எதிரே வந்தவர்கள். டவாலி பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஆள் உள்ளே போகிறார். ஒரு கேள்வி, ஒரு ஆமாங்க, ஆள் வெளியே. எந்த ரேஷன் கடை வரிசையும் இவ்வளவு வேகமாக நகர்ந்து நான் பார்த்ததில்லை. மாஜிஸ்திரேட் ஒரு பெண்மணி. தலை நிமிராமலே கேட்டு, தலை நிமிராமலே எழுதிக்கொண்டிருந்தார்.

எங்கள் முறை வந்தது.

"வண்டி யாருது?"

"என்துதாங்க மேடம்" என்றாள் அம்மா.

"லைசென்ஸ் இல்லாதவங்ககிட்ட வண்டியக் குடுத்திருக்கீங்க. ஒத்துக்கிறீங்களா?"

"ஆமாங்க."

முடிந்தது. தும்முகிற நேரம்கூட ஆகவில்லை. அம்மா என்னைப் பார்த்த பார்வையில், பாத்தியா, இவ்ளோதான், என்று இருந்தது.

"லைசென்ஸ் இல்லாம வண்டி ஓட்டியிருக்கீங்க. ஒத்துக்கிறீங்களா?"

"ஆமாங்க" என்றேன். நன்றாகத்தான் சொன்னேன். கணீரென்று. அத்தோடு வாய் நின்றிருக்க வேண்டும்.

"ஆனா, மேடம்..."

பேனா நின்றது. மாஜிஸ்திரேட் அன்றைக்கு முதல் முறையாகத் தலை நிமிர்ந்தார்.

"ஆனாவா?"

"ஒரு செயல் குற்றமாகணும்னா அதுக்குப் பின்னாடி ஒரு எண்ணம் இருக்கணும் மேடம். லைசென்ஸ் எடுக்கக் கூடாதுங்கற எண்ணம் எனக்குத் துளியும் இல்ல. ஒரு நாய் என் மேல பாஞ்ச காரணத்தால..."

"இங்க பாருங்கம்மா. ஒத்துக்கிட்டா ஆமாங்க. இல்லைன்னா இல்லைங்க. ஆனா போட்டா நீங்க ஒத்துக்கலன்னு அர்த்தம். அப்ப சாட்சி வரணும், விசாரணை நடக்கணும், வாய்தா போடணும். அதுவரைக்கும் வண்டி ஸ்டேஷன்லதான் நிக்கும். சம்மதமா?"

எனக்குப் பின்னால் அம்மா மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. வெளியே விட்டது கேட்கவே இல்லை.

"அது வந்துங்க மேடம்..."

"போய் உக்காந்து யோசிங்க. கடைசியா கூப்பிடறேன்."

கடைசியாகவா! கோர்ட் கதவுக்கு நேரே இருந்த வராண்டா பெஞ்சில் போய் உட்கார்ந்தோம். அம்மா திட்டினால் எனக்குப் பயமே கிடையாது, பதில் தயாராக இருக்கும். அம்மா திட்டவில்லை. எழுந்து போய், சுவர்க் கடிகாரம் தெரிகிற இடமாகப் பார்த்து, டிபன் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பெஞ்சில் பக்கத்தில் ஆள் இருந்தார்கள்.

முதல் ஆள் அத்திப்பள்ளிக்காரர். பாதி கன்னடம், பாதி தமிழ். "ஹெல்மெட் இத்தும்மா. டேங்க் மேலே இத்து. தலை மேலே மட்டும் இல்லா."

"அதை உள்ள சொல்லப் போறீங்கதானே?"

"எதுக்கு? ஹவ்து, ஆமான்னு சொல்லிட்டுப் போறேன்."

"என்னங்க இது! ஹெல்மெட்டே இல்லாதவரும் நீங்களும் ஒண்ணா? உங்க தரப்ப நீங்கதானே சொல்லணும்!"

அவர் யோசிக்க ஆரம்பித்தார்.

அடுத்தவர் ரோஜாத் தோட்டக்காரர், தெலுங்குக்காரர். பைக்கில் மூணு பேர் போன கேஸ். "மூணாவது ஆளு சவாரிக்கு வரலம்மா. பூக்கட்டு சரியாம புடிச்சுக்க வந்தான்."

"அப்ப அவர் ஆளே இல்லைங்க, கயிறு மாதிரி! சொல்லுங்க இதை!"

மூன்றாவது, கம்பெனி வேலைக்கு மதுரைப் பக்கமிருந்து புதிதாக வந்த ஒருத்தன். "ஒன்வேன்னு எனக்கு எப்டிக்கா தெரியும்? போர்டு மரத்துக்குப் பின்னாடில்ல நிக்கிது!"

"தம்பி, உன் கேஸுதான் இருக்கறதுலயே பலமான கேஸு!"

கூடவே என் நாயைப் பற்றியும் சொன்னேன். கன்றுக்குட்டி உயரம் இருக்கும், பல்லைக் காட்டிக்கொண்டு வந்தது என்றேன். மூன்று பேரும் "த்சொ, த்சொ" என்றார்கள். எத்தனை நாளைக்குப் பிறகு ஒரு அனுதாபம்!

டவாலி அத்திப்பள்ளிக்காரரைக் கூப்பிட்டார்.

"ஒத்துக்கிறீங்களா?"

"ஹவ்து மேடம். ஆதரே..."

பேனா நின்றது. போய் உட்காரச் சொன்னார்கள். அடுத்து ரோஜாத் தோட்டம்.

"அவுனு மேடம். கானி..."

அவரும் பெஞ்சுக்கு வந்தார். அடுத்து மதுரை.

"ஆமாங்க மேடம். ஆனா, அந்த மரத்த நீங்க ஒரு தடவ வந்து பாத்தீங்கன்னா..."

மூன்று மொழியிலும் ஒரே வாதம். இதைக் கேட்டுக்கொண்டிருந்த பின்வரிசைக்கு, அட, இப்படியும் சொல்லலாமா என்று தோன்றிவிட்டது. ஒருத்தர் மனைவியின் பிரசவத்தைச் சொன்னார். ஒருத்தர் தன் பைக்கின் பிரேக்கையே சாட்சிக்கு அழைத்தார். ரேஷன் கடையைத் தோற்கடித்த வரிசை, ரயில்வே கேட் போட்ட மாதிரி நின்றுவிட்டது. பெஞ்சில் இடமில்லை.

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"காலையில எல்லாரும் நல்லாத்தானே வந்தீங்க? யாரு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

மூன்று கைகள் என் பக்கம் நீண்டன. மதுரைக்காரன் பெருமையோடு விளக்கம் வேறு கொடுத்தான்: "அந்தக்காதான் மேடம். சட்டம் படிச்சவங்க."

"சட்டம் இல்ல, அரசியல் அறிவியல்" என்றேன். தவறான தகவலைத் திருத்தாமல் எப்படி இருப்பது?

திரும்பி அம்மாவைப் பார்த்தேன். பையிலிருந்து கம்பெனி அடையாள அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா போற?"

"பஸ்ஸுக்கு. எப்டியும் லேட்டுதான். நைட் ஷிஃப்ட்டே குடுக்கட்டும், வுடு. ராவெல்லாம் அங்க இருந்தா உன் பேச்சாவது காதுல வுழாம இருக்கும்."

சத்தமே போடவில்லை. அவ்வளவு அமைதியாகச் சொன்னாள்.

நானே உள்ளே ஓடினேன். "மேடம், நான் யோசிச்சுட்டேன்!"

"ஒத்துக்கிறீங்களா?"

"ஆமாங்க."

கோர்ட்டே காத்திருந்தது. பஸ்ஸுக்குக் கிளம்பிய அம்மாவும் வாசற்படியில் நின்றுவிட்டாள். கேஸ் கட்டோடு மூலையில் நின்ற ஏட்டையா காத்திருந்தார். 'ஆனா' என் முன்பல் வரைக்கும் வந்து கதவைத் தட்டியது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிஜமாகவே கடித்தேன், வலித்தது.

"அப்புறம்?" என்றார் மாஜிஸ்திரேட்.

"அப்புறம் ஒண்ணுமில்லைங்க, மேடம்."

பெஞ்சிலிருந்து மூன்று பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஜெயித்த மறுநாளே கட்சி மாறிய எம்.எல்.ஏ.வைத் தொகுதி பார்க்குமே, அந்தப் பார்வை. ஆனாலும் காற்று திரும்பிவிட்டது. ஹவ்து. அவுனு. ஆமாங்க. கேட் திறந்துகொண்டது.

தீர்ப்பு வந்தது. ரெண்டு பேருக்கும் அபராதம். "முதல் எதிரிக்கு மட்டும் கூடுதலா, கோர்ட் கலையற வரைக்கும் காவல். இங்க உள்ளயே, அந்தச் சுவரோர பெஞ்சுல உக்காரணும். பேசாம."

'பேசாம' என்பது சட்டத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்க வாய் துடித்தது. கேட்கவில்லை. நானும் வளர்கிறேன்.

அம்மா ரசீதை வாங்கிக்கொண்டு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வழியே எங்கள் ஸ்கூட்டி போவது தெரிந்தது. ஹெல்மெட், வார், முதுகு நேர். பஸ் மாறாமல் வண்டியிலேயே போனால் சூளகிரிக்கு நேரத்துக்குப் போய்விடலாம். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் ஒரே ஒரு முறை ஹார்ன் அடித்தாள். அது எனக்குத்தான் என்று வைத்துக்கொண்டேன்.

மத்தியானம் முழுக்க வக்கீல்கள் வாதாடினார்கள். பேச்சுக்குப் பேச்சு 'ஆனால்' போட்டார்கள். அவர்களை யாரும் பெஞ்சில் உட்கார வைக்கவில்லை. இதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

சாயங்காலம் கோர்ட் கலைந்தது. எல்லாரும் எழுந்து நின்றோம். மாஜிஸ்திரேட் உள்ளே போகத் திரும்பியவர், நின்றார்.

"நீங்க போலாம்மா. ஆமா, காலையில இருந்து நாய் நாய்னு ஏதோ சொல்ல வந்தீங்களே. இப்ப கோர்ட் முடிஞ்சுது. சொல்லுங்க."

டவாலி நின்றார். ஏட்டையா நின்றார். கடைசியில், கடைசியில், முழுசாகக் கேட்க ஆள் கிடைத்துவிட்டது! தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"கடைசி வளைவுங்க மேடம். நான் திரும்பறேன். அங்க புங்க மரத்தடியில ஒரு நாய்..."

"பாஞ்சுதா?"

காலையிலிருந்து ஊரிலுள்ள அத்தனை பேருடைய 'ஆனா'வையும் கேட்டு முடித்த கண்கள் அவை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

"பாயலைங்க மேடம். படுத்திருந்துச்சு."

"வண்டிக்குக் குறுக்கவா?"

"ஓரமாங்க."

"சரி. அப்புறம்?"

"எந்திரிச்சுதுங்க."

"எந்திரிச்சு?"

"சோம்பல் முறிச்சுதுங்க."

ஏட்டையா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

"அதுக்கப்புறம் என்னதாம்மா பண்ணுச்சு?"

"மறுபடியும் படுத்துக்குச்சுங்க, மேடம்."