நான்கெல்லைக்கு உட்பட்ட கஜராணி

நீடாமங்கலம்,
ஆனி 28.

தஞ்சாவூரில் வக்கீல் தொழில் பார்க்கும் மாப்பிள்ளை சூர்யபிரகாஷ் அவர்களுக்கு மச்சான் துரைராசு எழுதுவது. இங்கு நானும் வயலும் நலம். அங்கு நீங்களும் தங்கை வானதியும் நலமென்று நினைக்கிறேன். நீங்கள் போனை எடுக்காததால் நினைக்கத்தான் முடிகிறது.

உங்கள் மகளின் காதுகுத்துப் பத்திரிகையில் தாய்மாமன் பெயருக்குப் பின்னால் எம்.எஸ்சி.யை விட்டுவிட்டதை மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. அது கிடக்கட்டும். அப்பா வாங்கிய கஜராணி டீசல் என்ஜினுக்கு ஆயுத பூஜைதோறும் பச்சை பெயிண்ட் அடித்து, யானைப் படம் வரைந்து, 'கஜராணி டாட் இன்' என்று ஓர் இணையதளமும் நடத்துகிறேன் அல்லவா? பதினான்கு வருடமாக, பழைய என்ஜின்காரர்கள் கேட்கும் சந்தேகங்களுக்கெல்லாம் இலவசமாகப் பதில் எழுதி வருகிறேன். போன மாதம் கோயமுத்தூரில் இருக்கும் கஜராணி என்ஜின் கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வந்தது. கஜராணி என்பது எங்கள் பதிவு பெற்ற வணிகப் பெயர், உங்கள் தள முகவரியில் அது இருக்கக் கூடாது, பதினைந்து நாளில் ஒப்படைக்கவும். உங்களைக் கூப்பிட்டேன். "வேற பேரு வச்சுக்கிட்டு நடவைப் பாருங்க மச்சான்" என்று சொல்லி வைத்தவர், பிறகு போனை எடுக்கவேயில்லை. பெற்ற பிள்ளைக்கு வேறு பெயர் வைக்கச் சொல்வீர்களா?

ஆகவே பதிலை நானே எழுதினேன். ஓர் இடம் நம்முடையது என்று நம் ஊரில் எப்படி நிலைநாட்டுவோமோ, அப்படி. பன்னிரண்டு வருடத்துக்கு மேல் யாதொரு ஆட்சேபணையுமின்றி அனுபவித்து வருவதாகத் தொடங்கி, வருடாவருடம் பெயரைப் புதுப்பித்த ரசீதுகளைக் நிலவரிக் கிஸ்தி ரசீது மாதிரி அடுக்கி, பத்திரத்தில் போடுவதுபோல் நான்கெல்லையும் போட்டேன்: 'நாகூர் காதர் மைதீனின் படகு மோட்டார் தளத்துக்கு மேற்கு, குத்தாலம் மருதையனின் டிரான்சிஸ்டர் தளத்துக்குத் தெற்கு, மற்ற இரு திக்கும் தரிசு.' இருவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். கிராம நிர்வாக அலுவலர் மட்டும், "சர்வே நம்பர் என்னங்க?" என்று கேட்டு, முத்திரையை மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

பத்தாம் நாள் வாசலில் கார் நின்றது. இறங்கியவர் கம்பெனியின் சட்டப் பிரிவு மேலாளர் சுடர்விழி. "டொமைனுக்கு நாலெல்லை எழுதி இப்பதான் சார் பாக்குறோம்" என்றார். பாராட்டா என்று தெரியாததால் மோர் கொடுத்தேன். "பேரைப் பாத்துட்டு நீங்கதான் கம்பெனின்னு நெனச்சுக்குறாங்க சார். எண்ணெய் ஒழுகாம அடைக்குற கேஸ்கட்டுக்குப் பத்திரிகை அட்டையை வெட்டி வைக்கலாம்னு எழுதியிருக்கீங்க. அது கிழிஞ்சா எங்களுக்கு போன் வருது."

"என் தங்கச்சி மக காதுகுத்துப் பத்திரிகைங்க. நல்ல தடிமன். மூணு வருசமா ஒழுகல."

அவர் சிரிக்கவில்லை. பெயரை விட்டுத்தான் ஆக வேண்டும் என்றார். வாதத்தை நிறுத்தி, கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் கைப்பிடியைச் சுற்றினேன். நாலு சுத்து, ஒரு செருமல், அப்பறம் புடிச்சுக்கிட்டுத் தண்ணி கொட்டுச்சு பாருங்க மாப்பிள்ளை, வாய்க்கா ரொம்பி வரப்பு வழிஞ்சு, அந்தம்மா செருப்பைக் கையில தூக்கிக்கிட்டு, முதலாளிக்கே போன் போட்டு என்ஜின்கிட்ட நீட்டுது. "கேக்குதா சார்? நாப்பது வருசத்து நம்ம என்ஜின்."

முதலாளி மனம் குளிர்ந்துவிட்டார். 'இது கம்பெனியின் தளமல்ல, ஒரு ரசிகருடையது' என்று முகப்பில் எழுதிவிட்டால் பெயரை நானே வைத்துக்கொள்ள எழுத்துமூலம் அனுமதி. வெள்ளிக்கிழமை அவரே வந்து, என்ஜினோடு என்னைப் படமெடுத்து, கம்பெனிக் காலண்டரில் போடுகிறார், எம்.எஸ்சி.யோடு. ஆக, சட்டம் படித்தவர் உதவியின்றி ஜெயித்துவிட்டேன். நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம்.

வானதிக்கும் மருமகளுக்கும் என் ஆசி. உங்களுக்கும் கொஞ்சம்.

இப்படிக்கு,
துரைராசு, எம்.எஸ்சி.

பின்குறிப்பு (ஆனி 29): சாட்சிக்காரர்கள் இருவரும் உதவிக்கு வந்திருக்கிறார்கள். படத்துக்குப் பளிச்சென்று இருக்கட்டுமென்று மருதையன் இன்று காலை பெயிண்டைச் சுரண்டினார். நாற்பது பூச்சுக்கு அடியில் கம்பெனித் தகடு இருக்கிறது. அதில் யானை இல்லை, சிங்கம். 'சிம்மராஜா, மதுரை' என்று போட்டிருக்கிறது. அப்பா ஏன் ஊரெல்லாம் கஜராணி என்று சொன்னார் என்பதை இனி யாரிடம் கேட்பது? காதர் மைதீன், "திரும்பப் பெயிண்ட் அடிச்சிடுவோங்க" என்கிறார். மேலே உங்களைப் பற்றி எழுதியதையெல்லாம், எம்.எஸ்சி. விஷயம் நீங்கலாக, வாபஸ் வாங்குகிறேன். வியாழக்கிழமையே கறுப்புக் கோட்டோடு வந்து சேரவும். இன்னொன்று: 'சிம்மராஜா டாட் இன்' காலியாகக் கிடந்தது. மத்தியானமே என் பெயரில் வாங்கிவிட்டேன்.