வெள்ளிக்கிழமைப் பாடு

"மாலா, எழுந்து பாடு."

மூன்றாம் வகுப்பு மாலா எழுந்தாள். பாடவில்லை.

"இன்னிக்கு எங்க பாடு இல்ல டீச்சர். வெள்ளிக்கிழமதான்."

திண்டுக்கல்லிலிருந்து பழவேற்காட்டு ஏரிக்கரைப் பள்ளிக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஜமுனா டீச்சருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பள்ளியில் அது செயல்பாட்டு வாரம். வெள்ளிக்கிழமை பெற்றோர் முன்னால் நிகழ்ச்சி. சாப்பாட்டுத் தட்டைக் கழுவும்போது மாலா தனக்குத்தானே பாடியதை டீச்சர் கேட்டிருக்கிறாள். என்ன குரல். அந்தக் கூச்சக்காரி தானாகவே நாள் குறிக்கிறாள் என்றால் சும்மாவா?

"சரி, வெள்ளிக்கிழமை நீதான் பாடுற. அம்மா அப்பாவையும் கூட்டிட்டு வா."

மாலாவின் முகம் சுருங்கியது. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். டீச்சர் கேட்கவில்லை.

"எங்க பாடு நாளைக்கு டீச்சர்" என்றான் அஜித்குமார், யாரும் கேட்காமலே.

"நீயுமா? ரொம்ப நல்லது."

மறுநாள் அஜித்குமார் வரவில்லை. களிமண்ணில் மீன் செய்யச் சொன்னதற்கு, என்ன மீன், ஏரி மீனா கடல் மீனா என்று கேட்டே பிள்ளைகள் டீச்சரின் உயிரை வாங்கினார்கள். புதன்கிழமை, கணக்குப் பாடத்துக்காக வைத்த விளையாட்டுச் சந்தை ஏலமாகி, ஏலம் அடிதடியாகிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் வந்து நின்றான்.

"நேத்து ஏன்டா வரலை?"

"நேத்து எங்க பாடு டீச்சர்."

"பாடுறவன் பள்ளிக்கூடம் வர வேணாமா?"

"பாடு இருந்தா எப்டி டீச்சர் வர்றது?"

"வராம எப்படிடா பாடுவே?"

"வலையோடதான்."

டீச்சர் அவனை வாசலில் நிற்க வைத்தாள்.

வியாழக்கிழமை இதைக் கேட்ட தலைமையாசிரியர் திருவேங்கடம் விழுந்து விழுந்து சிரித்தார்.

"பாடுன்னா இங்க பாட்டு இல்லம்மா. ஏரியில வலை போடற முறை. ஒவ்வொரு வீட்டுக்கும் எப்பவோ ஒரு நாள்தான் வரும். அன்னிக்குக் குடும்பத்தோட இறங்கிடுவாங்க. விட்டா, அடுத்த முறை வரைக்கும் திண்டாட்டம்தான்."

ஜமுனாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஏரிக்குப் போக வேண்டிய நாளில் அந்தப் பிள்ளையை மேடையில் நிற்கச் சொல்லியிருக்கிறோமே. அன்றைக்கு மாலாவும் வரவில்லை. அவள் வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று பொறுக்காமல், ஊர்ச் சொல் புரிந்துவிட்ட பெருமையில், பாட்டைத் தூக்கி அஜித்குமாரிடம் கொடுத்தாள். வாசலில் நிறுத்தியதற்கும் பரிகாரம் ஆயிற்று.

வெள்ளிக்கிழமை அவன் இரண்டு வரி பாடினான். மூன்றாவது வரி மறந்துபோய் தேசிய கீதத்துக்குத் தாவிவிட்டான். கூட்டம் மொத்தமும் திடுக்கிட்டு எழுந்து நின்றது. அவனை எங்கே நிறுத்துவது, இவர்களை எப்படி உட்கார வைப்பது என்ற அமளியில் டீச்சருக்கு யார் முகமும் கண்ணில் படவில்லை.

மத்தியானம் மனசு கேட்காமல் ஏரிக்கரைக்கு நடந்தாள். அந்தக் குரலைக் கேட்காமல் போனது அவளுக்கு நிஜமாகவே வருத்தம். உன்மேல் தப்பில்லை கண்ணு, அடுத்த தடவை நீதான் என்று மாலாவிடம் சொல்லிவிட வேண்டும். கரையில் கண்ணப்பன் என்றொருவர் இறால் கூடையை இறக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இன்னிக்கு மாலா வீட்டுப் பாடுதானே? அவங்க எங்க இருக்காங்க?"

"தாமோதரன் வூட்டுக்காரங்களா? நேத்து ஆரம்பாக்கம் போயி பொண்ணுக்குப் புதுப் பாவாடை எடுத்தாங்க, இன்னிக்குப் பாட்ட எனக்கு வுட்டுக் குடுத்துட்டு குடும்பத்தோட உங்க இஸ்கூலுக்குத்தான வந்தாங்க... பாப்பா நல்லா பாடுச்சா டீச்சர்?"