விழுக்காட்டார்

நீங்கள் கேட்காமலேயே, உங்கள் தொகுதியில் நம் இந்தியர் எத்தனை விழுக்காடு என்று யாராவது தசமப் புள்ளியோடு உங்களிடம் சொல்லியிருக்கிறாரா? அதுவும் ரொட்டி சானாயைப் பிய்த்து வாயில் வைக்கும் நேரம் பார்த்து? சொல்லியிருந்தால், வாழ்த்துகள். நீங்கள் விழுக்காட்டாரைச் சந்தித்துவிட்டீர்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடைகளிலும், கிள்ளான் சாலையோர ஒட்டுக்கடைகளிலும், பெட்டாலிங் ஜெயா திருமண மண்டபங்களில் இரண்டாம் பந்திக்குக் காத்திருக்கும் நாற்காலிகளிலும் இந்த இனத்தைப் பார்க்கலாம். நாட்டில் எந்த இனத்துக்குப் பிரதிநிதித்துவம் குறைந்தாலும் இதற்கு மட்டும் குறையாது. மேசைக்கு ஒருவர் உண்டு. சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கும். கைப்பேசியில் ஒரு வரைபடம் இருக்கும். அதில் தொகுதிகள் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகக் கிடக்கும். இரண்டு விரலால் அதைப் பெரிதாக்கி, எல்லைக்கோடு எங்கே மூக்கு நீட்டுகிறது, எங்கே வாலைச் சுருட்டுகிறது, அந்த வாலில் நம் வாக்காளர் எத்தனை பேர் மாட்டிக்கொண்டார்கள் என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் உங்கள் தே தாரிக் ஆறிவிடும்.

"பதினெட்டு புள்ளி நாலு, போஸ்! நாமதான்லா கிங்மேக்கர்!"

கிங்குகள் வந்தார்கள், போனார்கள். மேக்கர் மட்டும் அதே பிளாஸ்டிக் நாற்காலியில் இருக்கிறார்.

நகராண்மைக் கழகப் பேச்சு வந்தால் அவருக்கு ரத்தம் சூடேறும். கழக உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, மேலிருந்து நியமிக்கிறார்கள். அறுபது ஆண்டுகளாக இந்த நாட்டில் அதற்கு யாரும் ஓட்டுப் போட்டதில்லை. இது அநியாயம் இல்லையா என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். "அது இருக்கட்டும், இருபத்து நாலு சீட்டுல நமக்கு ரெண்டா மூணா?" என்பார். மூன்றாவது சீட்டில் உட்கார்ந்தவர் எந்த வடிகாலை எட்டிப் பார்த்தார் என்று கேட்டால், "அது வேற மேட்டர்."

வேறு மேட்டர்தான். அந்த வேறு மேட்டர் பண்டமாரானில் ஒரு தாமான் குடியிருப்புக்குள் முழங்கால் அளவு ஏறிக்கொண்டிருக்கிறது.

அங்கே ஜாலான் ஆறு என்னும் ஆறாம் தெருவில் சந்திரகலா என்று ஒரு பெண்மணி. கொள்கலன் கிடங்கில் குமாஸ்தா வேலை. கணவர் குருவுக்குச் செவ்வாய், வியாழன், சனி மாலைகளில் டயாலிசிஸ். கனத்த மழை பெய்தால் வடிகால் பொங்கித் தெருவுக்கு வரும், கார் நகராது. போன ஆண்டு இரண்டு முறை அவரை லோரியில் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள். சந்திரகலா ஆறு ஆண்டுகள் விடாமல் படியேறி, அந்த வடிகாலை அகலப்படுத்துவதாகத் தொகுதி சட்டமன்ற உறுப்பினரிடம் எழுத்திலேயே வாங்கிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத் தொகுதி எல்லைகளை மாற்றும் வரைவு வந்தது. புதுக்கோடு வடிகாலின் ஓரமாகவே ஓடியது. வடிகால் பழைய தொகுதியில். அது மூழ்கடிக்கும் மூன்று தெருக்கள் பக்கத்துத் தொகுதியில். தண்ணீர் ஒருவருக்கு, வீடுகள் இன்னொருவருக்கு! எழுதிக் கொடுத்தவருக்கு இனி இந்த வீடுகளில் ஓட்டு இல்லை. புதிதாக வருபவருக்கு வடிகால் தன்னுடையது இல்லை.

ஆட்சேபிக்க வழி உண்டு. அந்தத் தொகுதியில் பதிவு பெற்ற வாக்காளர் நூறு பேர் கையெழுத்திட வேண்டும். ஒரு மாத அவகாசம். வேலை முடிந்து வந்து சந்திரகலா கதவு கதவாகத் தட்டினார். மலாய்க்காரர் வீடு, சீனர் வீடு, நம் வீடு என்று பார்க்கவில்லை. தண்ணீர் எந்த வரிசையில் நுழைந்ததோ அந்த வரிசையில் போனார். மூன்றாவது வாரம் தொண்ணூற்றொரு கையெழுத்து. அன்றைக்குத்தான், தாமான் முனையிலிருந்த ஒட்டுக்கடையில், நம் விழுக்காட்டார் வாசுவின் மேசைக்கு வந்து சேர்ந்தார்.

"அண்ணே, ஒரு சைன் வேணும். நம்ம லோங்காங், வடிகால் விஷயம்."

"ஒன்னா? என்னாம்மா நீ! இங்க பதிமூணு பேரு உக்காந்திருக்கோம்!"

"எல்லாரும் இங்கதானே குடியிருக்கீங்க?"

"இருபத்திரண்டு வருஷம்மா! ஜாலான் ஆறுக்கு என் பேர வெக்காததுதான் பாக்கி."

வாசு தாளை வாங்கினார். என்ன ஆட்சேபம், எந்தக் கோடு என்று படித்தார் என்கிறீர்களா? பெயர்களை எண்ணினார்.

"தொண்ணூத்தொன்னுல நம்மாளு முப்பத்தொன்னுதான். முப்பத்து நாலு விழுக்காடு. சே, மானம் போகுதுலா! இரும்மா, நாங்க போட்டா நாப்பத்து ரெண்டு புள்ளி மூணுக்கு ஏத்திடலாம்."

இரண்டு பேனாவும் முதல்முறையாக வெளியே வந்தன. பதிமூன்று பேரும் அடையாள அட்டை எண்ணோடு கையெழுத்துப் போட்டார்கள். நூற்று நான்கு! சந்திரகலா எல்லாருக்கும் கோப்பி வாங்கிக் கொடுத்து, மறுநாள் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தேர்தல் ஆணையக் கவுண்டருக்குப் போனார்.

கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் ஒவ்வொரு எண்ணையும் கணினியில் தட்டினாள். தொண்ணூற்றொன்று வரை தடங்கலே இல்லை. பிறகு வாசு. ஓட்டு தெலுக் இந்தானில். பெயரைக் கோடு போட்டு அடித்தாள். அடுத்தவர், சித்தியவான். அடித்தாள். அதற்கடுத்தவர், ரவாங்கில் மாமியார் வீடு. பதிமூன்று பேரில் ஒருவருக்குக்கூட அங்கே ஓட்டு இல்லை.

"காக், தாக் சுக்குப் லா," என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அக்கா, போதவில்லை.

சந்திரகலா நேராக ஒட்டுக்கடைக்கு வந்தார்.

"அண்ணே, உங்க ஓட்டு எங்க இருக்கு?"

"எங்க இருக்கும்? தெலுக் இந்தான் பக்கம், எங்க தோட்டத்துல."

"தோட்டமே இல்லியேண்ணே. லயத்து வீடுகள உடைச்சிப் பதினஞ்சு வருஷம் ஆச்சுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"ஐ.சி.ல அட்ரஸ் இருக்குல்ல! மாத்த மனசு வரலம்மா. அஞ்சு வருஷத்துக்கு ஒருவாட்டி போனா, காலைல ஒரு ஓட்டு, மத்தியானம் சித்தப்பா வீட்டுல ஆட்டுக்கறி."

"அப்ப இந்தத் தொகுதியில நீங்க எத்தன விழுக்காடுண்ணே?"

சந்திரகலா தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் வாசு நிமிர்ந்தார்.

"பாத்தீங்களா? இந்தியன் சைன்னு தெரிஞ்சதும் தூக்கிட்டானுங்க!"

மற்ற பன்னிரண்டு பேரும் ஆமாம் என்றார்கள். இதில்தான் அவர்களுக்குக் கருத்து வேற்றுமையே வராது.

அந்தக் கோட்டை நான் நியாயப்படுத்தவில்லை. மனிதர்களை இனம் இனமாகப் பிரித்து எண்ணி, ஒரு தெருவை அதன் வடிகாலிலிருந்து வெட்டி எடுக்கும் எந்தக் கோடும் அயோக்கியத்தனம்தான். அதை யார் போட்டாலும் எதிர்க்க வேண்டும். ஆனால் எதிர்க்கிறவருக்கு அந்த இடத்தில் ஓட்டு வேண்டாமா? அநியாயம் செய்கிறவனுக்கு இதைவிட வசதியான எதிரி எங்கே கிடைப்பான்? வாய் பண்டமாரானில், ஓட்டு இடிந்துபோன லயத்தில்.

சிரிக்கிறீர்களா? நீங்கள் குடியிருப்பது எங்கே, உங்கள் அடையாள அட்டையில் இருப்பது எங்கே? கல்யாணத்துக்கு முன்பிருந்த அப்பா வீடா? இரண்டு வீட்டுக்கு முந்தைய வாடகை வீடா? "அடுத்த வாரம் மாத்திடுவேன்" என்று இப்போது மனத்துக்குள் ஒரு குரல் சொன்னதே, அது யாருடைய குரல் என்று நினைக்கிறீர்கள்? தசமப் புள்ளி சொல்லத் தெரியாவிட்டாலும் விழுக்காட்டார் ஆகலாம்.

ஆகவே நாளைக் காலை பதிவு இலாகா திறந்ததும் போய் முகவரியை மாற்றுங்கள், அப்படியே தேர்தல் ஆணையத்தில் ஓட்டையும் மாற்றுங்கள். சந்திரகலாவின் தொகுதியிலேயே ஓட்டு உள்ளவராக இருந்தால் நாளை வரை காத்திருக்காதீர்கள். அவகாசம் முடியும் வெள்ளிக்கிழமை கவுண்டர் மூடுவதற்குள் அவருக்கு இன்னும் ஒன்பது பேர் வேண்டும். ஜாலான் ஆறு, பதினேழாம் எண் வீடு. குருவுக்கு டயாலிசிஸ் உள்ள நாள் என்றால் எட்டு மணிக்கு மேல்தான் ஆள் இருக்கும். அடையாள அட்டையோடு போய்க் கையெழுத்துப் போடுங்கள்.