தந்தியைப் பிரிக்காத சங்கம்

1935 ஜனவரி 20, ஞாயிறு, காலை 6.10. கட்டில் ஒன்று, நோயாளிகள் மூன்று. நடுவில் இருப்பவர் அம்மா.

கண்டி மஹய்யாவ மரண உதவிச் சங்கத்தின் காரியதரிசி, பெரியப்பா சின்னமுத்து அவர்களுக்கு வேலாயுதம் வணங்கி எழுதுவது. தங்கள் முழங்கால் வீக்கமும் பெரியம்மாவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். மற்ற நலன்களை விசாரிக்க நேரமில்லை. தெல்தோட்டைக்குக் கீழே உள்ள அரசாங்க ஆஸ்பத்திரி விறாந்தையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் கொழும்பில் எஞ்சின் வேலை படித்தவன். எண்ணெயை எஞ்சின் ஓடும்போதே விடவேண்டும். நின்ற பிறகு விட்டால் அது பராமரிப்பு இல்லை, குளிப்பாட்டு. நம் சங்கமோ மூச்சு நின்ற பிறகுதான் வரும்.

அம்மாவுக்குத் திங்கட்கிழமை காய்ச்சல் வந்தது. தேயிலைத் தோட்டத்து மருந்து இனாம், நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்திலேயே கிடைக்கும். ஆனால் மருந்துக்கார ஐயாவிடம் இருப்பது ஒரே சிவப்புத் தண்ணி, காலில் வெட்டுப்பட்டாலும் அதுதான், காய்ச்சலுக்கும் அதுதான். மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினா கேட்டேன். "முடிஞ்சு போச்சு, அடுத்த பெட்டி வரட்டும்" என்றார். அரசாங்க ஆஸ்பத்திரியில் மெய்யான டாக்டர் உண்டு, அதுவும் இனாம். ஆனால் தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் துண்டுச் சீட்டு வேண்டும், துரையோ வேட்டைக்குப் போயிருந்தார். கண்டியிலிருந்து காசுக்கு வரும் டாக்டருக்குத் துண்டு தேவையில்லை. அவர் மலை ஏறி இறங்கினால் என் இரண்டு மாதச் சம்பளம் கூடவே இறங்கிப் போய்விடும். மிச்சம் இருந்தது நம் சங்கம். மாதா மாதம் கட்டுகிறோமே, டாக்டரை அனுப்பட்டும் என்று வெள்ளிக்கிழமை உங்களுக்குத் தந்தி அடித்தேன்.

நேற்று மத்தியானம் லயத்துக்குக் கீழே லொறி வந்து நின்றது. டாக்டர்தான் என்று ஓடினேன். இறங்கியது பாடை. பின்னால் எட்டு ஆள், இரண்டு தப்பு மேளம், கோடித் துணி. லொறிக்கார முனாப் நானாதான் விஷயத்தைச் சொன்னார்: "தம்பி, தந்தியப் பிரிக்கவே இல்ல. தந்திக்காரன் சைக்கிளக் கண்டதும் ஒங்க பெரியம்மா ஒப்பாரி வச்சிட்டாங்க. அதுக்குப் பொறகு யாரு படிக்கிறது?"

தப்புச் சத்தம் கேட்டு அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டார். "யாருடா செத்தது?"

நீங்கள் தலைவராக அனுப்பிய கறுப்பையா அண்ணன் பூமாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். டாக்டருக்காகத்தான் தந்தி அடித்தேன் என்றேன். "உசுரோட இருக்கவங்களுக்குச் சங்கத்துல ஒண்ணும் இல்ல தம்பி. விதி அப்படி" என்றார். அம்மாதான் முடித்துவைத்தார்: "வந்தது வந்துட்டீங்க. அப்படியே தூக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரியில விடுங்கய்யா. தப்பு வேணாம், தலை வலிக்குது."

தூக்கினார்கள். பாடையில் வந்தவரிடம் ஆஸ்பத்திரி வாசலில் யாரும் துண்டு கேட்கவில்லை. பிணவறைக்கு வழி காட்டினார்கள். அம்மா கையை ஆட்டிய பிறகுதான் கட்டில் கிடைத்தது. இறக்கிவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டே கறுப்பையா அண்ணன் அம்மாவைக் காட்டிச் சொல்கிறார்: "ஒரு அங்கத்தவருக்கு ஒரு பாடை. ராக்கம்மா அக்கா மொறை இதோட முடிஞ்சுது. சங்கத்துல சொல்லிருவேன்."

ஆகவே பெரியப்பா, பக்கத்தில் இருப்பதில் மருந்து இல்லை, மருந்து இருக்கும் இடத்தில் கட்டில் இல்லை, காசுக்கு வருவது கைக்கு எட்டாது. ஆளும் லொறியுமாய் நேரத்துக்கு வந்து நிற்பது நம் சங்கம் ஒன்றுதான், அதுவும் செத்தால். உயிரோடு இருப்பவரையும் தூக்கலாம் என்று விதியைத் திருத்துங்கள். திருத்தும்வரை அம்மாவும் நானும் விலகுகிறோம். ராத்திரி அம்மாவுக்குக் கொயினா கொடுத்தார்கள். விடியக் கஞ்சி கேட்டார். பிழைத்துக்கொள்வார்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். இனித் தந்தி வந்தால் பிரித்துப் படித்துவிட்டு அழச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி மகன்
வேலாயுதம்

பி.கு. காலை 7.40. கஞ்சி வாங்கிக்கொண்டு வந்தேன். கட்டிலில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். அம்மா போய்விட்டார். இனிச் செய்யப்போவது:

1. தந்தி அடிக்கமாட்டேன். இந்த முறை படித்தாலும் நம்பமாட்டீர்கள். அடுத்த பஸ்ஸில் வந்து இக்கடிதத்தை நானே கையில் தருவேன்.
2. விலகுகிறோம் என்று மேலே எழுதியதை உங்கள் முன்னால் அடித்துவிடுவேன்.
3. தப்புக்காரரைக் கூப்பிடுவேன். இனி அம்மாவுக்குத் தலை வலிக்காது.
4. நேற்றைய பாடையை என் பெயரில் எழுதச் சொல்வேன். என் முறைக்கு யாரும் வரவேண்டாம்.