சிவப்பு ஸ்டிக்கர் வாங்கிய மாப்பிள்ளை

எனக்கு வாய் சும்மா இருக்காது என்பது ஊரறிந்த விஷயம். பெற்ற பிள்ளைக்கும் அதே வாய்தான் வரும் என்று யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், கொஞ்சம் அடக்கி வாசித்திருப்பேன்.

ஓசூரில் வண்டி உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. பாகம் சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், சரிசெய்தால் தேறும் என்றால் மஞ்சள், தேறவே தேறாது என்றால் சிவப்பு. (எட்டு மணி நேரம் இதையே செய்துவிட்டு வந்தால், புருஷனைப் பார்த்தாலும் கை ஸ்டிக்கரைத் தேடும்.) என் மகள் மித்ராவுக்கு அப்போது மூன்று வயது. ஒரு கிண்ணம் சோறு ஊட்டுவதற்குள் உயிர் போய் உயிர் வரும். கடையில் கலர் ஸ்டிக்கர் வாங்கிவந்து, "அம்மா மாதிரி நீயும் செக் பண்ணு பாப்பா" என்று விளையாட்டுக் காட்டினேன். சோறு இறங்கியது. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரே வாரத்தில் வீடு பேக்டரி ஆகிவிட்டது. இட்லிக்குப் பச்சை. கத்தரிக்காய்க்குச் சிவப்பு. அவள் அப்பாவின் வழுக்கைக்கு மஞ்சள்.

"ஏன் பாப்பா அப்பாவுக்கு மஞ்ச?"

"முடி வச்சா சரியாயிடும்."

அந்த நேரம் பார்த்துத்தான் என் நாத்தனார் சுதாவைப் பெண் பார்க்க குருபரப்பள்ளியிலிருந்து வந்தார்கள். அதற்கு முன் இரண்டு இடம் வந்து, பஜ்ஜியைத் தின்றுவிட்டு, "சொல்லி அனுப்பறோம்" என்று போனதோடு சரி. இந்த மாப்பிள்ளை பிரபுவைப் போட்டோவிலேயே சுதாவுக்குப் பிடித்துப்போயிருந்தது. இதுவும் தட்டிப்போனால் அவள் தாங்கமாட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும். காலையிலேயே மாமியார் என்னைத் தனியே கூப்பிட்டு, "சமையல நான் பாத்துக்கறேன். நீ அந்தப் புள்ளைய மட்டும் புடிச்சுக்க, போதும்" என்றார்.

அந்த ஒரே ஒரு வேலையைத்தான் கோட்டைவிட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மாவிடம் நான் எங்கள் குடும்பப் பெருமையை அளந்துகொண்டிருந்தபோது, மித்ரா ஸ்டிக்கர் அட்டையோடு வந்து அந்தம்மாவின் புடவையில் ஒரு பச்சையை ஒட்டினாள்.

"பச்சன்னா நல்லதுங்க! எங்க கம்பெனில அப்படித்தான். பாப்பாவுக்கு உங்கள ரொம்பப் புடிச்சிடுச்சு" என்று நானே விளக்கமும் கொடுத்தேன். (யார் கேட்டார்கள்?) அந்தம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

அடுத்து மித்ரா நேராக மாப்பிள்ளையிடம் போனாள். மேலும் கீழும் பார்த்தாள். சட்டைப் பையில் சிவப்பை ஒட்டி, "ரிஜெட்டு!" என்று கத்தினாள்.

"செகப்புன்னா இன்னாம்மா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"செகப்புன்னா... இன்னும் ரொம்ப நல்லதுங்க. ராசிங்க."

"எங்க கம்பெனிலயும் இதே செகப்புதாங்க" என்றார் பிரபு. "நேரா ஸ்கிராப்புக்குப் போயிடும்."

மாமியார் பார்த்த பார்வையில் நான் பாதி வெந்துபோனேன். காபித் தட்டோடு வாசற்படியில் நின்ற சுதாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லை. சண்டாளி, உன் வாயால்தானே எல்லாம் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

பிரபு மட்டும் நாற்காலியிலிருந்து இறங்கி, மித்ராவுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "ரிஜெக்ட் பண்ணா காரணம் சொல்லணுமே மேடம். என்கிட்ட இன்னா கொற?"

மித்ராவின் உதடு பிதுங்கியது. "நீ எங்க அத்தைய கூட்டிக்கினு போயிடுவ."

நான் ஷிப்டுக்குப் போகும்போதெல்லாம் அவளைக் குளிப்பாட்டி, ஊட்டி, தூங்கவைத்தது சுதாதான். வீட்டில் ஒரு மாதமாகக் கல்யாணப் பேச்சு. இந்தப் பொடிசுக்கு ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நானே கூட்டிக்கினு வந்து காட்டறேன். சரியா?" என்றார் பிரபு.

"எல்லா ஞாயித்துக்கெழமயுமா?"

"எல்லா ஞாயித்துக்கெழமயும்."

"மழ பேஞ்சா?"

"கொட புடிச்சிக்கினு வர்றேன்."

மித்ரா யோசித்தாள். சிவப்பைப் பிய்த்துவிட்டு மஞ்சளை ஒட்டினாள்.

"இது இன்னாடா?" என்றார் அவர் அம்மா.

"தேறிடுவேன்னு சொல்லுதும்மா."

முதலில் சிரித்தது சுதாதான். பாதிக் காபி தட்டிலேயே கொட்டிவிட்டது. மாமியாரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே என் கையைக் கிள்ளினார். (இரண்டு நாள் சிவந்திருந்தது.)

கல்யாணம் நடந்து நாலு வருஷம் ஆகிறது. எங்கள் சொந்தத்தில் பிரபு என்றால் பாதிப் பேருக்குத் தெரியாது, மஞ்ச ஸ்டிக்கர் மாப்பிள்ளை என்றால்தான் தெரியும். மனிதர் ஒரு ஞாயிறு தவறியதில்லை. போன வாரம் கொட்டுகிற மழையில் சுதாவோடு தொப்பலாக நனைந்து வந்து நின்றார். மாமியாருக்கே பொறுக்கவில்லை.

"ஏண்டி, பாவம்டி அந்த மனுஷன். உங்க மாமாவுக்கு எப்பத்தான் பச்ச ஒட்டப்போற?"

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மித்ரா தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"ஒட்டமாட்டேன். பச்ச ஒட்டிட்டா அப்புறம் வரமாட்டாரு."